மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தபின் கடன் கொடுத்தவர் மேல் வழக்குப் போட முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டால் கடன் கேட்டு யாரும் வாசலில் வந்து நிற்க முடியாது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அதே ஐ.பி. மனு (தன்னைத் திவாலானவர் என்று அறிவிக்கக் கேட்டு நீதிமன்றத்தில் போடும் நொடிப்பு மனு), வங்கி மேலோ வட்டிக்காரர் மேலோ நீங்கள் போட்டிருக்கும் வழக்கை என்ன செய்யும் என்பது மட்டும் பலருக்குத் தெரிவதில்லை. ஐ.பி. போட்டு ஒரு வருஷம் கழித்து, "பேங்க்காரன் என்னை ஏமாத்திட்டான் சார், கேஸ் போடணும்" என்று வருகிறார்கள். அப்போது அந்த வழக்கு பெரும்பாலும் அவர்கள் கையில் இருப்பதில்லை. அதைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரு சொல் விளக்கம். நம் பேச்சில் "கடன்காரன்" என்றால் கொடுத்தவனும் அவன்தான், வாங்கியவனும் அவன்தான். குழப்பம் வராமல் இருக்க இங்கே "கடன் கொடுத்தவர்", "கடன்பட்டவர்" என்றே எழுதுகிறேன்.

2016இல் புது திவால் சட்டம் வந்துவிட்டதே, இன்னும் எதற்குப் பழைய ஐ.பி.?

2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கென்று மூன்றாம் பகுதி இருக்கிறது. ஆனால் அது முழுவதும் நடைமுறைக்கு வரவில்லை. கம்பெனி வாங்கிய கடனுக்குச் சொந்த ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 1.12.2019 முதல் அமலில் இருக்கிறது. மளிகைக்கடைக்காரர், விசைத்தறிக்காரர், கல்யாணக் கடனில் மூழ்கிய அரசு ஊழியர் போன்றவர்களுக்கு இன்றும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான். சென்னை நகரத்துக்குள் 1909ஆம் ஆண்டின் மாகாணத் தலைநகரங்கள் நொடிப்புச் சட்டம். மனு உயர் நீதிமன்றத்தில், சொத்து அபிஷியல் அசைனி என்ற அதிகாரி கையில். மற்ற மாவட்டங்களுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். மனு பொதுவாகச் சப் கோர்ட்டில், சொத்து ரிசீவர் (திவாலானவரின் சொத்துக்கு நீதிமன்றம் நியமிக்கும் பொறுப்பாளர்) கையில்.

சட்டம் எவ்வளவு பழசு என்பதற்கு ஒரு அடையாளம் சொல்கிறேன். ஐ.பி. போட 500 ரூபாய் கடன் இருந்தால் போதும். திவாலானவர் அதைச் சொல்லாமல் யாரிடமாவது 50 ரூபாய் கடன் வாங்கினால் அது குற்றம். இந்தத் தொகைகளை இன்றுவரை யாரும் மாற்றவில்லை.

கீழே பெரும்பாலும் 1920 சட்டத்தை வைத்தே பேசுகிறேன். சென்னைக்கு வேறுபடும் இடத்தில் சொல்கிறேன்.

ஐ.பி. மனு போட்ட அன்றே என் வழக்கு உரிமை போய்விடுமா?

மனு போட்டதும் போகாது. நீதிமன்றம் விசாரித்து உங்களைத் திவாலானவர் என்று அறிவித்து உத்தரவு போடும்போதுதான் போகும். 28(2) பிரிவின்படி அந்த உத்தரவோடு உங்கள் சொத்து முழுவதும் நீதிமன்றத்தின் அல்லது ரிசீவரின் வசம் சேர்ந்துவிடும்.

ஆனால் 28(7) என்று ஒரு பிரிவு இருக்கிறது. உத்தரவு எப்போது வந்தாலும், மனு தாக்கலான நாளிலிருந்தே நடப்புக்கு வந்ததாகக் கருதப்படும் என்கிறது அது. மனு தாக்கலுக்கும் உத்தரவுக்கும் நடுவில் இரண்டு வருஷம் ஓடுவது இங்கே சாதாரணம். அந்த இடைவெளியில் வங்கியோடு உட்கார்ந்து பேசி, "கேஸை வாபஸ் வாங்கிக்கறேன், இவ்வளவு குடுங்க" என்று முடித்துக்கொண்டு பணத்தையும் செலவழித்தவர், பின்னால் ரிசீவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டி வரும்.

உத்தரவு வந்துவிட்டது. இனி வங்கி மேல் நான் வழக்குப் போடவே முடியாதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

சொத்து என்றால் நமக்கு வீடு, நிலம், நகை, வண்டி. சட்டத்துக்கு, யாரிடமிருந்தாவது பணமோ பொருளோ கேட்டு வாங்கும் உரிமையும் சொத்துதான். வங்கி உங்கள் கணக்கில் தப்பாகப் பிடித்த 3 லட்சத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை, பீரோவில் இருக்கும் 3 லட்ச ரூபாய் நகை மாதிரி. நகை ரிசீவரிடம் போகும்போது அந்த உரிமையும் கூடவே போகிறது. அதன்பின் அந்த வழக்கைப் போடவும் நடத்தவும் சமாதானம் பேசவும் ரிசீவருக்குத்தான் அதிகாரம். 59வது பிரிவு, நீதிமன்றத்தின் அனுமதியோடு அவர் வழக்குத் தொடரலாம், எதிர்வழக்காடலாம், நடப்பதைத் தொடரலாம் என்கிறது.

வழக்கில் ஜெயித்தால் பணம் உங்கள் வீட்டுக்கு வராது. எல்லாக் கடன் கொடுத்தவர்களுக்கும் பங்கு பிரிக்கும் பொதுப் பானைக்குப் போகும். நீங்கள் வழக்குப் போட்ட அதே வங்கியும் அந்தப் பானையிலிருந்து பங்கு வாங்கலாம். கேட்பவர்களுக்கு எரிச்சல் வரும். ஆனால் கணக்கு அப்படித்தான்.

இது தெரியாமல் நீங்களே உங்கள் பெயரில் வழக்குப் போட்டால், வங்கியின் வக்கீல் முதல் வாய்தாவிலேயே ஐ.பி. உத்தரவின் நகலை நீட்டுவார். உங்கள் கோரிக்கையில் நியாயம் இருக்கிறதா என்ற கேள்விக்கே நீதிமன்றம் போகாது. கேட்க வேண்டிய ஆள் நீங்கள் இல்லை என்று அங்கேயே நின்றுவிடும்.

எல்லா வழக்கும் போய்விடுமா? வசூல் ஆட்கள் வந்து தெருவில் அசிங்கப்படுத்தினார்களே, அதற்குமா?

அது போகாது. இந்தச் சட்டத்தில் கடன்பட்டவர் பக்கம் சாய்ந்த மிகச் சில இடங்களில் இது ஒன்று. பலர் கவனிப்பதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1920 சட்டத்தின் 28(5) பிரிவு, சிவில் நடைமுறைச் சட்டப்படி ஜப்தி செய்ய முடியாத சொத்து எதுவும் ரிசீவரிடம் போகாது என்கிறது. கணக்குப் புத்தகங்கள் மட்டும் விதிவிலக்கு. எதையெல்லாம் ஜப்தி செய்ய முடியாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60வது பிரிவைப் புரட்டினால், சமையல் பாத்திரம், தொழில் கருவி என்று போகும் பட்டியலில் (இ) என்ற இடத்தில் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடரும் வெறும் உரிமையும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், தொகை தீர்மானமாகாத, நஷ்டஈடு மட்டும் கேட்கும் உரிமை உங்களிடமே தங்குகிறது.

வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கடன்பட்டவரை அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டது. அதை மீறி ராத்திரியில் வந்து கதவைத் தட்டினார்கள், உங்களைப் பிடித்துத் தள்ளினார்கள், சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு "இவன் திருடன்" என்றார்கள் என்றால், அந்த அவமானம் உங்களுடையது. அதற்கான வழக்கும் உங்களுடையது. ஐ.பி. உத்தரவு அதைத் தொடாது.

சென்னைச் சட்டத்தில் 28(5) போன்ற நேரடி வாசகம் இல்லை. ஆனால் அதன் தாய்ச் சட்டமான இங்கிலாந்துச் சட்டத்தில் இந்தப் பிரிவினை பழைய சங்கதி. பெக்காம் எதிர் டிரேக் என்ற 1849ஆம் ஆண்டு வழக்கில், திவாலானவரின் உடம்பு, மனம், நற்பெயர் ஆகியவற்றுக்கு வந்த சேதத்தைக் கேட்கும் உரிமை அவரிடமே இருக்கும் என்று பேசப்பட்டது. சென்னையில் வழக்காடுகிறவர்கள் அந்தக் கோட்டைப் பிடித்துப் போகலாம்.

எதிர்ப்பக்கம் ஓர் உதாரணம். கடனை முழுவதும் கட்டி முடித்தபின் 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் தராவிட்டால் நாளுக்கு 5,000 ரூபாய் வீதம் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 1.12.2023 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒரு வங்கியில் கடனை அடைத்துவிட்டீர்கள், அவர்கள் பத்திரத்தை இழுத்தடித்தார்கள். அதற்குள் வேறு கடன்களுக்காக ஐ.பி. ஆகிவிட்டது. அந்த நாளுக்கு 5,000 யாருக்கு? அது கணக்குப் போட்டு இவ்வளவு என்று சொல்லக்கூடிய பணம், வெறும் நஷ்டஈட்டு உரிமை அல்ல. என் பார்வையில் அது ரிசீவருக்குப் போகும்.

ஒரே சம்பவத்தில் பண நஷ்டமும் மானக்கேடும் சேர்ந்து இருந்தால்?

முடிந்தவரை பிரித்துவிடுங்கள். "கடையைப் பூட்டியதால் 8 லட்சம் வியாபாரம் போச்சு, ஊர் முன்னால் அவமானமும் ஆச்சு" என்று எல்லாவற்றையும் ஒரே வழக்கில் கொட்டினால், மொத்த வழக்கும் ரிசீவருடையது என்று எதிர்த்தரப்பு வாதாடும். மானக்கேட்டுக்குத் தனி வழக்காகப் போட்டால் அந்த வாதத்துக்குப் பிடி குறைவு. கோர்ட் பீஸ் கட்ட வழியில்லை என்றால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 33வது கட்டளைப்படி ஏழை வழக்காளியாக மனுச் செய்யலாம். முன்பு இதைப் பாப்பர் மனு என்பார்கள். இன்றும் கோர்ட் வராந்தாவில் அதுதான் பெயர்.

வங்கி மேல் போட்ட வழக்கு நாலு வருஷமாக நடக்கிறது. இப்போது ஐ.பி. கொடுத்தால் அது தானாகத் தள்ளுபடி ஆகிவிடுமா?

தானாக ஆகாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 22வது கட்டளை, 8வது விதி இதற்கென்றே இருக்கிறது. வாதி திவாலானதால் மட்டும் வழக்கு அற்றுப்போகாது. ரிசீவர் உள்ளே வந்து தொடரலாம். செலவுத் தொகைக்குப் பிணையம் கட்டச் சொல்லி நீதிமன்றம் அவருக்குக் கெடு வைக்கலாம். அவர் தொடரவும் மறுத்து, பிணையமும் கட்டாமல் விட்டால், வங்கி மனுப் போட்டு வழக்கைத் தள்ளுபடி செய்ய வைக்கலாம். அதுவரை வங்கி செய்த வழக்குச் செலவும் உங்கள் கடன் பட்டியலில் இன்னொரு வரியாக ஏறிவிடும்.

நடைமுறையில் நடப்பது பெரும்பாலும் மௌனம். ரிசீவருக்கு வழக்கு இருப்பதே தெரியாது. சிவில் கோர்ட்டுக்கு ஐ.பி. தெரியாது. இரண்டு கோர்ட்டும் ஒரே வளாகத்தில், சில ஊரில் எதிரெதிர் அறையில்கூட இருக்கும்! வங்கிக்கு மட்டும் இரண்டும் தெரியும். தனக்கு வசதியான நாளில் அதைச் சொல்லும். அதற்கு முன் நீங்களே ரிசீவருக்கு எழுத்தில் தெரிவித்து, வழக்கு எண், அடுத்த வாய்தா தேதி, உங்கள் வக்கீல் பெயர் எல்லாம் கொடுத்து, கையெழுத்துப் போட்ட நகல் வாங்கி வையுங்கள்.

நல்ல வழக்கு. ஆனால் ரிசீவர் "இதுக்கெல்லாம் பணம் இல்லை, விடுங்க" என்கிறார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கையில் காசு இல்லாத சொத்துக்கு அவர் ரிசீவர். கோர்ட் பீஸையும் வக்கீல் பீஸையும் எங்கிருந்து எடுப்பார்?

இரண்டு வழி உண்டு. ரிசீவரின் முடிவால் பாதிக்கப்பட்டவர் 68வது பிரிவின் கீழ் நீதிமன்றத்தில் முறையிடலாம். கெடு 21 நாள். வாயால் சொன்ன "விடுங்க" என்பதற்கு நாள் எண்ண முடியாது என்பதால் முதலில் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். சென்னையில் அபிஷியல் அசைனியின் முடிவுக்கு எதிராக 1909 சட்டத்தின் 86வது பிரிவு இருக்கிறது.

இரண்டாவது, கடன் கொடுத்தவர்களில் யாராவது ஒருவரை இழுப்பது. வழக்கில் வரும் பணம் அவர்களுக்கும்தானே? வங்கிக்கு எதிரான வழக்கில் 10 லட்சம் வரும் என்றால், உங்களுக்கு நூல் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் வியாபாரிக்கு அதில் அக்கறை இருக்கும். செலவை அவர் ஏற்றால் ரிசீவர் நகர்வார். இதை யோசிக்கிற கடன்பட்டவர் குறைவு. கடன் கொடுத்தவர் எல்லோரையும் ஒரே கூட்டமாகப் பார்த்துப் பழகிவிடுகிறோம்.

வீட்டை வங்கியில் வைத்திருக்கிறேன். ஐ.பி. போட்டால் ஏலம் நிற்குமா? ஏலத்தை எதிர்த்து நான் வழக்காடலாமா?

நிற்காது. ஐ.பி. போட்டால் வீடு தப்பும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். 28(6) பிரிவு, அடமானம் வாங்கி வைத்திருப்பவரின் அதிகாரத்தை இந்த உத்தரவு தொடாது என்கிறது. ஐ.பி. கட்டிப்போடுவது கைமாற்று, புரோநோட்டு மாதிரி ஈடு இல்லாத கடன்களைத்தான்.

வங்கி ஏலம் நடத்துவது, கோர்ட்டுக்குப் போகாமலே ஈட்டுச் சொத்தை எடுத்து விற்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி. 13(2) பிரிவில் 60 நாள் நோட்டீஸ். நீங்கள் ஆட்சேபம் எழுதினால் 15 நாளுக்குள் பதில் தர வேண்டும். அதன்பின் 13(4)இல் சுவாதீனம் எடுப்பது. இதை எதிர்க்க 34வது பிரிவு காரணமாகச் சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது. 17வது பிரிவின் கீழ் கடன் வசூல் தீர்ப்பாயம், அதாவது டி.ஆர்.டி.தான். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை. கெடு 45 நாள்.

இனி ஐ.பி.யை இதன் மேல் வைத்துப் பாருங்கள். வீட்டை மீட்கும் உரிமை சொத்து. அது ரிசீவரிடம் போய்விட்டது. 17வது பிரிவு "பாதிக்கப்பட்ட எந்த நபரும்" என்று அகலமாகச் சொல்வதால், குடியிருப்பவர் என்ற முறையில் நீங்கள் கதவைத் தட்ட வாதம் இருக்கிறது. ஆனாலும் ரிசீவரைச் சேர்க்காத மனு நொண்டும். 45 நாளுக்குள் ரிசீவரைப் பார்த்து, நிலைமையை விளக்கி, அவரை மனுதாரராகவோ குறைந்தது ஒரு தரப்பாகவோ கொண்டுவருவது நல்லது.

மீட்பதற்கும் முன்போல் அவகாசம் இல்லை. ஏலம் முடிந்து பத்திரம் ஆகும்வரை பணம் கட்டி மீட்கலாம் என்பது பழைய நிலை. 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு அந்த உரிமை முடிகிறது என்று 2023இல் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டி.ஆர்.டி.யில் தோற்று மேல்முறையீடு போக வேண்டுமென்றால் 18வது பிரிவுப்படி கடனில் பாதியைக் கட்ட வேண்டும். தீர்ப்பாயம் மனம் வைத்தால் கால் பங்காகக் குறைக்கலாம். ஐ.பி. கொடுத்தவரிடம் கால் பங்கு ஏது?

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏலத்தைத் தடுப்பது வேறு, வங்கி செய்த தவறுக்கு நஷ்டஈடு கேட்பது வேறு. வங்கி டி.ஆர்.டி.யில் வசூல் மனு போட்டிருந்தாலும், கடன்பட்டவர் சிவில் கோர்ட்டில் தனியாக வழக்குத் தொடரத் தடையில்லை என்று பாங்க் ஆஃப் ராஜஸ்தான் வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அந்த வழக்கு உங்களுடையதா, ரிசீவருடையதா என்பதற்கு மேலே சொன்ன அதே அளவுகோல்தான்.

எனக்குக் கொடுத்தது வங்கி இல்லை, மீட்டர் வட்டிக்காரர். அவரை ஒன்றும் செய்ய முடியாதா?

வங்கியைவிட இவரிடம் உங்களுக்குப் பிடி அதிகம். ஐ.பி.க்குப் பிறகும்தான்.

முதலாவது குற்றப் புகார். தமிழ்நாடு அதிக வட்டி வசூல் தடைச் சட்டம், 2003. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் பெயர் சொல்லியே அதில் இருக்கின்றன. மூன்று வருஷம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். போலீஸில் புகார் கொடுப்பது சொத்து அல்ல, அதை ரிசீவர் எடுத்துக்கொள்ள முடியாது. திவாலானவரும் தாராளமாகக் கொடுக்கலாம்.

இரண்டாவது வழி பலர் பயன்படுத்தாதது. ஐ.பி.யில் வட்டிக்காரர் பணம் கேட்க வேண்டுமென்றால் தன் கடனை நீதிமன்றத்தில் நிரூபித்துப் பட்டியலில் ஏற வேண்டும். அந்த நேரத்தில் 1918ஆம் ஆண்டின் மிகைவட்டிக் கடன்கள் சட்டம் உதவுகிறது. அதன் 4வது பிரிவு நொடிப்பு நடவடிக்கைக்கென்றே எழுதப்பட்டது. கடனை நிரூபிக்க வரும்போதே நீதிமன்றம் கணக்கைத் திறந்து பார்த்து, அநியாய வட்டியை வெட்டலாம். 1 லட்சம் கொடுத்துவிட்டு 6 லட்சத்துக்கு வெற்று புரோநோட்டில் கையெழுத்து வாங்கிய கதையெல்லாம் அங்கே வெளிச்சத்துக்கு வரும். நீங்கள் தனியாக வழக்குப் போடத் தேவையில்லை. அவர்தானே உள்ளே வருகிறார்!

1920 சட்டத்தின் 46வது பிரிவையும் நினைவில் வையுங்கள். இரண்டு பேருக்குள்ளும் கொடுக்கல் வாங்கல் இருபக்கமும் இருந்தால், கழித்ததுபோக மிச்சத்தைத்தான் அவர் கேட்க முடியும். நீங்கள் அவருக்குச் சரக்குப் போட்ட பாக்கி இருந்தால் அது கழியும். பட்டியலில் ஏறிவிட்ட பொய்க் கடனை நீக்க 50வது பிரிவின்படி பொதுவாக ரிசீவர்தான் கேட்க வேண்டும், அவர் ஒதுங்கினால் வேறொரு கடன் கொடுத்தவர் கேட்கலாம். ஆகவே பட்டியல் எழுதப்படும் முன்பே உங்கள் ஜி-பே ரசீதுகள், தண்டல் அட்டை, சிட்டை எல்லாவற்றையும் ரிசீவர் கையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.

இந்த வட்டி வெட்டும் வித்தை வங்கியிடம் பலிக்காது. வங்கி வட்டி அதிகம் என்று நீதிமன்றம் கணக்கைத் திறக்க முடியாதபடி வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 1984இல் 21ஏ பிரிவு சேர்ந்துவிட்டது.

ஐ.பி. மனுவில் வங்கி மேல் எனக்கு இருக்கும் வழக்கை எழுதவில்லை. இப்போது என்ன ஆகும்?

மறந்ததா, மறைத்ததா?

மறந்ததென்றால் இன்றே ஒரு பிரமாண வாக்குமூலம் போட்டுச் சேர்த்துவிடுங்கள். மனு எழுதும்போது "சொத்து விவரம்" என்ற இடத்தில் டூ வீலரை எழுதச் சொல்லும் வக்கீல் குமாஸ்தா, "யார் மேலாவது கேஸ் போட இருக்கா?" என்று கேட்பதில்லை. தப்பு உங்களுடையது மட்டுமல்ல.

மறைத்ததென்றால் கதை வேறு. எழுதாததால் அது உங்களுடையதாக ஆகிவிடாது. பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொத்து ரிசீவருடையது. கூடவே, சொத்தை வேண்டுமென்றே மறைப்பதற்கு 69வது பிரிவில் ஒரு வருஷம் வரை சிறை இருக்கிறது. பின்னால் கடனிலிருந்து உங்களை விடுவிக்கும் விடுவிப்பு உத்தரவும் சிக்கலாகும். போதாக்குறைக்கு, நீங்கள் பிறகு தொடரும் வழக்கில் குறுக்கு விசாரணை இப்படித்தான் தொடங்கும்: "வங்கி உங்களுக்கு 12 லட்சம் தர வேண்டும் என்கிறீர்கள். சப் கோர்ட்டில் சத்தியம் செய்து சொத்து எதுவும் இல்லை என்றீர்கள். எது பொய்?"

கடன் என் பெயரிலும் மனைவி பெயரிலும் சேர்ந்து இருக்கிறது. ஐ.பி. நான் மட்டும் கொடுத்தேன்.

அவர் உரிமை அவருடையது. சேர்ந்து கடன் வாங்கியவர், ஜாமீன் போட்டவர், அடமானச் சொத்தில் பங்கு உள்ளவர் யாராக இருந்தாலும் உங்கள் ஐ.பி. அவர்கள் வழக்கு உரிமையைத் தொடாது. சர்ஃபேசி வழக்குகளில் மனைவியோ அண்ணனோ மனுதாரராக நிற்பதை டி.ஆர்.டி.யில் தினமும் பார்க்கலாம். ஆனால் ஐ.பி. அவர்களுக்குப் பாதுகாப்பும் தராது. உங்களை விட்டுவிட்டு வங்கி அவர்களைப் பிடிக்கும்.

ஐ.பி.க்கு முன் இரண்டு வருஷத்துக்குள் மனைவி பெயருக்குத் தானமாக மாற்றிய சொத்து இருந்தால் 53வது பிரிவில் ரிசீவர் அதை உடைக்கலாம். அதோடு அந்தச் சொத்தைச் சார்ந்த வழக்கும் கைமாறும்.

கம்பெனிக் கடனுக்கு நான் ஜாமீன். புதுச் சட்டத்தில் என் நிலை என்ன?

இது 2016 சட்டத்தின் பகுதி. நீங்களே 94வது பிரிவிலோ, வங்கி 95வது பிரிவிலோ மனுப் போட்டதும் 96வது பிரிவின் இடைக்காலத் தடை வந்துவிடும். அது உங்கள் கடன் தொடர்பாக நடக்கும் நடவடிக்கைகளை நிறுத்தும். வங்கி செய்த தவறுக்கு நீங்கள் தொடர்ந்த நஷ்டஈட்டு வழக்கு கடன் வசூல் நடவடிக்கை அல்ல என்பதால் அந்தத் தடை அதைக் கட்டாது என்பது என் வாசிப்பு. 95 முதல் 100 வரையான பிரிவுகள் செல்லாது என்று கிளம்பிய வழக்குகளை 2023 நவம்பரில் திலீப் ஜிவ்ராஜ்கா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

திருப்பிச் செலுத்தும் திட்டம் தோற்றுத் திவால் உத்தரவே வந்துவிட்டால் பிடி இறுகும். சொத்து 154வது பிரிவில் திவால் பொறுப்பாளரிடம் போகும். 141வது பிரிவோ பழைய சட்டத்தில் இல்லாத ஒன்றை வெளிப்படையாகவே சொல்கிறது: தீர்ப்பாயத்தின் முன் அனுமதி இல்லாமல், திவால் கடன்கள் தொடர்பாக வழக்கு நடத்தும் தகுதி திவாலானவருக்குக் கிடையாது. வெளிநாடு போகவும் அனுமதி வேண்டும்.

ஐ.பி. ரத்தாகிவிட்டால் வழக்கு திரும்பக் கிடைக்குமா?

ரத்து என்றால் பெரும்பாலும் கிடைக்கும். விடுவிப்பு என்றால் கிடைக்காது. பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள்.

விடுவிப்பு உங்களைக் கடனிலிருந்து விடுவிக்கிறது. மோசடியால் வந்த கடன், அரசுக்குக் கட்ட வேண்டியது போன்றவை அப்போதும் தொடரும். ரிசீவரிடம் போன சொத்து போனதுதான். எல்லாக் கடனும் வட்டியோடும் செலவோடும் தீர்ந்து மிச்சம் இருந்தால் 1920 சட்டத்தின் 67வது பிரிவில் அது உங்களுக்கு. அப்படி மிஞ்சிய ஐ.பி.யை நான் பார்த்ததில்லை.

ரத்து வேறு. விடுவிப்புக்கு மனுச் செய்யக் கொடுத்த கெடுவைத் தவறவிட்டால் 43வது பிரிவில் ஐ.பி. ரத்தாகும். மாவட்டங்களில் இது சர்வசாதாரணம். அறிவிப்பு உத்தரவு வாங்கியதும் ஆள் கோர்ட் பக்கமே திரும்புவதில்லை. அப்போது, நீதிமன்றம் வேறு யாரையும் நியமிக்காவிட்டால், 37வது பிரிவுப்படி சொத்து உங்களிடம் திரும்பும். வழக்கு உரிமையும்தான். ஆனால் இடையில் ரிசீவர் செய்தது செல்லும். 12 லட்ச வழக்கை அவர் 2 லட்சத்துக்குச் சமாதானம் செய்திருந்தால் அதைக் கிளற முடியாது. கடன் கொடுத்தவர்களுக்கும் அதே நாளில் கை விடுபட்டுவிடும்.

நுகர்வோர் கோர்ட், வங்கி ஓம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) எல்லாம்?

நஷ்டஈடு மட்டும் கேட்டால் உங்கள் பெயரில் போகலாம். கணக்கில் பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்டால் ரிசீவர் மூலம். நுகர்வோர் புகாருக்குக் காலவரம்பு இரண்டு வருஷம். ஐ.பி. நடக்கிறது என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்படியானால் ஐ.பி. போடுவதற்கு முன்பே வங்கி மேல் வழக்குப் போட்டுவிடட்டுமா?

வழக்கைப் போடுவதால் மட்டும் அது உங்கள் கையில் தங்காது, உத்தரவு வந்ததும் ரிசீவரிடம்தான் போகும். ஆனாலும் ஒரு லாபம் உண்டு: காலவரம்பு நிற்கும், ஆவணங்கள் கோர்ட் பதிவில் ஏறும், ரிசீவருக்கு ஓடும் வண்டி கிடைக்கும். புதிதாக வழக்குப் போடத் தயங்குகிறவர் நடக்கும் வழக்கில் சேரத் தயங்குவது குறைவு.

அதைவிட முக்கியமாக, வழக்கின் மதிப்பை முதலில் எடை போடுங்கள். மொத்தக் கடன் 15 லட்சம், வங்கியிடமிருந்து நியாயமாக வர வேண்டியது 9 லட்சம் என்றால் ஐ.பி. எதற்கு? வழக்கை வைத்துக்கொண்டே மிச்சம் 6 லட்சத்துக்குப் பேசிப் பார்க்கலாம். கடன் 80 லட்சம், வழக்கு 2 லட்சம் என்றால் அதை ரிசீவரிடம் விட்டுவிடுவதே உத்தமம். வக்கீலைப் பார்க்கப் போகும்போது கடன் பட்டியலோடு இன்னொரு தாளும் கொண்டுபோங்கள். யாரிடமிருந்து உங்களுக்கு வர வேண்டும், ஏன், எந்தத் தேதியிலிருந்து, கையில் என்ன காகிதம் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கட்டும். வங்கிக் கணக்கு அறிக்கை கடன் தொடங்கிய நாளிலிருந்து முழுவதும் வேண்டும். கடைசி ஆறு மாதம் மட்டும் போதாது.